கழுத்தைப் பார்க்கச் சொல்

அன்புத் தம்பி குமாருக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அம்மாவின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் பார்த்தேன். இடுப்பை எடுத்திருக்கிறார்கள். அதில் எழுதியிருக்கிற தேய்மானம் அம்மா வயதில் யாருக்கு எடுத்தாலும் இருக்கும். கழுத்தைப் பார்க்கச் சொல் என்று போனில் சொன்னால் “சுகர்தான்க்கா, வயசாகுதுல்ல” என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோதே கவனித்தேன். அம்மா ரவிக்கை ஊக்கு மாட்ட மருமகள் கோமதியைக் கூப்பிடுகிறாள். கண்ணை மூடிக்கொண்டு பூ கட்டுகிறவளுக்கு இப்போது நாரில் முடிச்சு விழவில்லை. செருப்பு கழன்றது தெரியாமல் இரண்டடி நடக்கிறாள். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் சுவரைத் தேடுகிறாள். கால் மட்டும் என்றால் சுகர் என்று நானும் விட்டிருப்பேன். சுகரால் வருகிற நரம்புக் கோளாறு பாதத்தில் மதமதப்பாகத் தொடங்கி மெல்ல மேலேறும். கைக்கு வர வெகுகாலம் ஆகும். அம்மாவுக்குக் கையும் காலும் ஏறக்குறைய ஒன்றாகவே தடுமாறுகின்றன. காலுக்குப் போகிற நரம்பெல்லாம் கழுத்து வழியாகத்தானே இறங்க வேண்டும்?

கழுத்தெலும்புக்குள் தண்டுவடம் போகிற பாதை, முன்பின்னாக அளந்தால், சுமார் 17 மி.மீ. இருக்கும். 13-க்குக் கீழே போனால் குறுகல் என்பார்கள். வயதாக ஆக டிஸ்க் பிதுங்கி, தசைநார் தடித்து, இருக்கிற இடமும் போய்த் தண்டுவடம் நசுங்குகிறது. இதில் கழுத்து வலிக்கவே வலிக்காமலும் இருக்கலாம். நோயாளி காலைக் காட்டுகிறார், டாக்டர் இடுப்பைப் படம் எடுக்கிறார், மாதங்கள் போய்விடுகின்றன. என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்களிடம் இந்தக் கதையை அடிக்கடி கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

ஒன்று செய்து பார். அம்மாவை உட்காரவைத்து, கையை மூடி மூடி விரிக்கச் சொல், எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக. விரல்கள் முழுசாக நீள வேண்டும். 10 விநாடியில் 20 தடவை வர வேண்டும், குறைந்தால் சந்தேகம்தான். மூட்டுவலி இருந்தாலும் குறையும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதே. நடப்பதை வீடியோ எடுத்து வை, டாக்டர் அறையில் நாலடிதான் நடக்கவிடுவார்கள். டாக்டர் சுத்தியலால் முழங்காலைத் தட்டும்போது நீயும் பார். சுகர் நரம்பென்றால் அசைவு மங்கும், தண்டுவடம் என்றால் கால் எகிறும். இரண்டும் சேர்ந்திருந்தால் குழப்பும். அப்போதும் கை காட்டிக்கொடுக்கும்.

தலையைக் குனிந்தால் முதுகில் கரன்ட் அடித்த மாதிரி இறங்குகிறதா என்று கேள். சிறுநீர் அவசரமாக முட்டுகிறதா, அடக்க முடியவில்லையா என்பதை மட்டும் கோமதியை விட்டுக் கேள். மகனிடம் அம்மா அதைச் சொல்லமாட்டாள். ஆமாம் என்றால் நாள் கடத்தாதே.

கழுத்து எம்.ஆர்.ஐ.யோடு பி12 ரத்தப் பரிசோதனையும் எழுதச் சொல். அம்மா சைவம், மெட்ஃபார்மின் வேறு பல வருஷமாகச் சாப்பிடுகிறாள். அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கும். பி12 குறைந்தாலும் தண்டுவடம் கெட்டு இதே தள்ளாட்டம் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியிலேயே சரியாகலாம். அப்படி இருந்தால் நம் அதிர்ஷ்டம்.

ஆபரேஷன் என்று சொன்னால் நீ பயப்படுவாய். “தண்டுவடத்தில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான்” என்று சித்தப்பாவும் சேர்ந்துகொள்வார். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நசுங்கல் முற்றிய பிறகு சும்மா விட்டால்தான் படுக்கையாகும் ஆபத்து அதிகம். முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ போய் இடம் உண்டாக்கிக் கொடுக்கிறார்கள். முதல் நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவது. போன வலுவில் எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு சீக்கிரம் போனோம் என்பதைப் பொறுத்தது. லேசாக இருந்தால் கவனித்துக்கொண்டே காத்திருக்கவும் சொல்வார்கள்.

அதுவரை எண்ணெய் போட்டுக் கழுத்தை நீவுவதோ சொடக்கு எடுப்பதோ வேண்டவே வேண்டாம். குறுகிய கழுத்தோடு ஒருமுறை விழுந்து தலை பின்னால் மடங்கினால் கை இரண்டும் செயலற்றுப் போகலாம். பாத்ரூமில் இந்த வாரமே பிடிகம்பி போடு.

எலும்பு டாக்டரிடம் மறுபடி போகாதே, நரம்பியல் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கு. பழைய சுகர் ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். தேதி தெரிந்ததும் சொல், லீவு போட்டுவிட்டு வருகிறேன். செலவில் பாதி என்னுடையது, அதில் வாக்குவாதம் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா