பத்தாயிரம் ரூபாயும் நீல மாத்திரையும்

ஆலங்குளம் என்றதும் பலருக்குச் சிமெண்ட் ஆலைதான் நினைவுக்கு வரும். சுற்றியுள்ள சிற்றூர்களில் இருப்போர்க்கு விடியற்காலையில் வந்து நிற்கும் பட்டாசு ஆலை வேன்தான் கடிகாரம். அந்த வேனில் ஏறிச் செல்பவர்களுள் என் பெரியம்மா மகளும் ஒருத்தி. என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பதினெட்டு நிரம்பியதும் வேலைக்குச் சேர்ந்தாள். 2024-ஆம் ஆண்டில் ஒருநாள் சரம் பின்னிக் கொண்டிருக்கையிலேயே மயங்கிச் சாய்ந்தாள். இரத்தத்தைச் சோதித்தார்கள். பன்னிரண்டு கிராம் இருக்க வேண்டிய ஈமோகுளோபின் ஏழரைதான் இருந்தது.

இஃது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. இதைத் தடுக்கத்தான் 2013-இல் வாரம் ஓர் இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் திட்டம் வந்தது. பள்ளியில் எங்களுக்குக் கொடுத்த அந்த நீல நிற மாத்திரை நண்பர்களுக்கு நினைவிருக்கும். பள்ளியை விட்ட பெண்களுக்கு அங்கன்வாடியில் தர வேண்டும் என்பது விதி. வேனில் போகிறவளுக்கு அங்கன்வாடி திறந்திருப்பதைப் பார்க்கவே வாய்ப்பில்லை!

பொருளியல் மாணவி என்ற முறையில், இதற்கான பணம் எவ்வழியே வருகிறது என்று தேடினேன். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பட்டியலிட்டது. சுகாதாரமும் அவற்றுள் ஒன்று. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு, உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் ஒரு பகுதி துணை சுகாதார நிலையக் கட்டடம், பரிசோதனை வசதி, வட்டாரப் பொதுச் சுகாதார அலகு ஆகியவற்றுக்கு. மாத்திரையோ தேசிய நலவாழ்வு இயக்கத்தின் வழியாக, மாநில, மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களைக் கடந்து வருகிறது. கட்டடம் ஒரு வாய்க்காலில், மருந்து இன்னொரு வாய்க்காலில்.

இரண்டும் சந்திக்கும் ஒரு சிறு மடை உண்டு. அதுதான் கிராம சுகாதாரக் குழு. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதாரச் செவிலியரும் இணைந்து அதன் கணக்கை நடத்துவது வழக்கம். ஊருக்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று வகுக்கப்பட்ட அந்த நிதிக்கு இன்ன இனம் என்ற கட்டு இல்லை. ஊரின் தேவை எதுவோ, அதற்குச் செலவிடலாம்.

2024 அக்டோபர் 2-ஆம் நாள் பெரியம்மாவின் ஊரில் கிராம சபை கூடியது. நானும் உடன் சென்றேன். குடிநீர், தெருவிளக்கு என்று பேச்சு நடந்தது. கையெழுத்துப் போடவே தயங்கும் பெரியம்மா அன்று எழுந்து நின்றார்.

"ஐயா, எம் மவ விடியுமுன்ன வேனேறிப் போறா. அங்கன்வாடி தொறந்திருக்கையில அவ பட்டாசு ஆலையில சரம் பின்னிக்கிட்டு இருக்கா. பொழுது சாஞ்சு வரையில பூட்டிக் கெடக்கு. அந்த மாத்திர யாருக்குய்யா?"

கூட்டம் அமைதியாயிற்று. "அதுக்குன்னு தனியா நிதி ஏதும் வரலியே தாயி" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. பெரியம்மா என்னைப் பார்த்தார். பத்தாயிரம் ரூபாய்க் கணக்கை நான் முன்பே அவருக்குச் சொல்லியிருந்தேன். அவர் அதை அப்படியே எடுத்துச் சொன்னார். பின்வரிசையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றனர். ஞாயிற்றுக்கிழமை மாதம் ஒருமுறை, வேலைக்குப் போகும் பெண்களுக்கு இரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் தருவதென்று தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டது.

முதல் ஞாயிறு பதினொரு பேர் வந்தார்கள். மாத்திரை அரசு தருவது. ஆகையால் பெரிய செலவு ஏதுமில்லை. மேசை ஒன்று, திரைத்துணி ஒன்று, தண்ணீர்க் குடம் ஒன்று, கொஞ்சம் சுண்டல். என் சகோதரிக்குச் சிகிச்சையாக நாள்தோறும் மாத்திரை கொடுத்தார்கள். உணவோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் ஒட்டாது, எலுமிச்சையும் நெல்லியும் துணை செய்யும் என்று செவிலியர் சொன்னதை அவள் வேனில் எல்லாருக்கும் ஓதிக் கொண்டிருக்கிறாள். அவளது இரத்தம் இப்போது பதினொன்றை எட்டியிருக்கிறது.

2025 சனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்பேற்றார். ஞாயிறு முகாம் நின்றுவிடுமோ என்று அஞ்சினோம். பெரியம்மாவும் மற்றப் பெண்களும் தீர்மானத்தின் நகலை எடுத்துக்கொண்டு அலுவலகம் சென்றார்கள். முகாம் தொடர்கிறது.

மாணவ நண்பர்களே! தில்லியிலிருந்து புறப்படும் பணம் ஊர் எல்லை வரை தானே வந்துவிடும். அங்கிருந்து வீட்டுக்கு அழைத்துவர ஆள் வேண்டும். நம்மிற் பலர் சிற்றூர்களிலிருந்து வருகிறோம். அடுத்த கிராம சபைக்குச் செல்லுங்கள். சுகாதாரக் குழு கூடியதா, வந்த நிதி எவ்வளவு, பள்ளியை விட்ட பெண்களுக்கு மாத்திரை எந்த நேரத்தில் கிடைக்கிறது என்று மூன்றே கேள்விகள் கேளுங்கள். நீங்கள் கேட்கத் தயங்கினால், பக்கத்தில் இருக்கும் தாய்மாருக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் கேட்பார்கள்.