காற்றா, உக்கலா?



பக்கத்து வீட்டு ராத்தாவின் கூரை ஓடுகளைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. வங்கிக் கடனுக்காக எடுத்த காப்புறுதி இருந்தது. பார்க்க வந்த மதிப்பீட்டாளரோ, "மரம் உக்கியிருக்கு, இது பழசானதால் வந்த சேதம்" என்று எழுதிவிட்டுப் போனார். உக்கின மரம்தான்; ஆனால் அன்று காலை வரை அது ஓட்டைத் தாங்கித்தானே நின்றது!

வெறும் தீக் காப்புறுதியில் பொதுவாகப் புயலும் வெள்ளமும் வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட மாவட்டம் நம்முடையது, கையெழுத்து வைக்க முன் கேளுங்கள். தகாபுல் எடுத்தவர்களும்தான்.

கூரையைத் திருத்த முன் படம் எடுங்கள், உக்காத மரத்தையும் சேர்த்து. மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்திடம் முறையிட்டும் சரிவராவிட்டால் கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், கட்டணமில்லை. வழக்குச் செலவோடு பார்த்தால் ஒரு முத்திரைக் காசுதான்.