வைண்டிங் கடை அண்ணாவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அக்காவின் முழங்கால் வலி இப்போது தேவலையா?

போன திங்கட்கிழமை எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். மோட்டார் கன்ட்ரோல் பழகுவதற்கான மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஆளுக்கொன்று கொடுத்தோம். பெட்டியைப் பிரித்த கையோடு ஒரு பையன், "மேடம், புரோகிராம் எங்க இருக்கு?" என்றான். யோசிக்காமலே என் வாயில் வந்தது உங்கள் வார்த்தை: "முதல்ல மோட்டாரைக் கையில எடு. சுத்திப் பாரு." சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, இத்தனை வருஷத்தில் உங்களுக்கு முறையாக ஒரு நன்றிகூட நான் சொன்னதில்லை. வீடு காலி செய்த அன்று சாவியைக் கொடுத்துவிட்டு "வர்றேங்கண்ணா" என்று கிளம்பியதோடு சரி.

நேரில் வந்தே சொல்லலாம், வருவேன். ஆனால் உங்களிடம் நான் கற்றது இந்த போர்டை வாங்கும் எல்லோருக்கும் தேவைப்படுவது. கிட்டோடு வரும் கையேட்டில் அது இல்லை. அதனால்தான் பத்திரிகையில் எழுதுகிறேன். பெயர் போடுவது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும், போடவில்லை.

கணபதி பகுதியில் உங்கள் கடை மாடியில் நான் குடியிருந்தது ஒன்றரை வருஷம். காலை எட்டு மணிக்குத் தெருவில் லேத்துச் சத்தம் தொடங்கும். மத்தியானம் வார்னிஷ் வாசம் படியேறி வரும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து நான் வாங்கிய கிட், எஸ்டி நிறுவனத்தின் நியூக்ளியோ. கீழே 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எஸ்டிஎம்32 சில்லு உள்ள போர்டு. அதன் தலையில் செருகுவதற்கு எல்6230 டிரைவர் உள்ள இன்னொரு போர்டு, 8 வோல்ட் முதல் 48 வோல்ட் வரை தாங்கும், உச்சமாக 2.8 ஆம்பியர் தரும். கூடவே எலுமிச்சம்பழ அளவில் பிரஷ் இல்லாத ஒரு பிஎல்டிசி மோட்டார். நிரலை ஏற்றி நீலப் பொத்தானை அழுத்தினேன், சுற்றியது. போர்டில் இருந்த சின்னத் திருகைத் திருப்பினால் வேகம் கூடியது, குறைந்தது. எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மோட்டார் கன்ட்ரோல் வந்துவிட்டது என்று அன்றிரவு அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

அந்த நிரலுக்குள் அந்த மோட்டாரின் ஜாதகமே முன்கூட்டி எழுதி வைக்கப்பட்டிருந்தது. காயிலின் ரெசிஸ்டன்ஸ், இன்டக்டன்ஸ், காந்த ஜோடி 7, சுற்றும்போது திருப்பித் தரும் வோல்டேஜ் எல்லாமே. அது புரியாமல் அடுத்த வாரம் உடைந்த ஹோவர்போர்டிலிருந்து கழற்றிய சக்கர மோட்டாரை அதே போர்டில் மாட்டினேன். சக்கரம் உதறியது, முனகியது, நின்றது. போர்டு ஃபால்ட் காட்டியது. திரும்பத் திரும்ப அதே கதை. மூன்றாம் நாள் சாயங்காலம், கொஞ்சம் தடிமனான ஒயர் கேட்டு உங்கள் கடைக்கு இறங்கி வந்தேன்.

ஒயரை எடுத்துக் கொடுத்துவிட்டு, "எத்தனை போல், அம்மிணி?" என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. நிரலைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று ஒயரையும் ஒன்றாக முறுக்கி, சுற்றிப் பார்க்கச் சொன்னீர்கள். கல்லைச் சுற்றுவதுபோல் இருந்தது. முறுக்கைப் பிரித்தீர்கள், லேசாகச் சுழன்றது. "நீ சுத்தற, அது கரண்டு பண்ணுது. அந்தக் கரண்டே உன் கையைப் புடிக்குது. ரெண்டு ரெண்டா முறுக்கிப் பாரு. மூணு தடவையும் ஒரே மாதிரி புடிச்சா காயில் நல்லாருக்குன்னு அர்த்தம்." பேக் இஎம்எஃப் என்று கல்லூரியில் நான் இரண்டு செமஸ்டர் எழுதிய விஷயம், அன்றைக்குத்தான் என் மணிக்கட்டுக்குத் தெரிந்தது.

பிறகு 12 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, நடுவில் காரின் 21 வாட் இண்டிகேட்டர் பல்பைத் தொடராகப் போட்டு, மோட்டாரின் இரண்டு ஒயர்களுக்குக் கொடுத்தீர்கள். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. சக்கரத்தைக் கையால் திருப்பினால் ஓரிடத்தில் வந்து கவ்வும், விடும், அடுத்த இடத்தில் கவ்வும். கோடு ஒரு சுற்று வருவதற்குள் 15 முறை கவ்வியது. அப்படியென்றால் 15 ஜோடி, 30 காந்தம். என் நிரலிலோ 7 என்று இருந்தது. சக்கரம் எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதும், அதற்குக் காந்தப் புலம் எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நின்றதற்கு அது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் ரெசிஸ்டன்ஸ். மல்டிமீட்டரை வைத்தால், அதன் ஒயரின் ரெசிஸ்டன்ஸே காயிலுடையதோடு சேர்ந்து காட்டியது. அதே பல்பு வழியாகப் போகும் கரண்டை அளந்து, காயிலின் இரண்டு முனையிலும் விழும் மில்லிவோல்ட்டைத் தனியாக அளந்து, வகுக்கச் சொன்னீர்கள். வந்ததைப் பாதியாக்கச் சொன்னீர்கள், ஸ்டார் கட்டு என்றால் இரண்டு முனைக்கு நடுவில் இரண்டு காயில் இருக்கிறதே. அந்த எண்களைப் போட்டு, தொடக்க வேகத்தைக் குறைத்து, ஒன்பது மணிக்கு மறுபடி பொத்தானை அழுத்தினேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சக்கரம் சுற்றத் தொடங்கியதும் நான் சக்கரத்தைப் பார்த்தேன், நீங்கள் ஆம்பியர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மோட்டார் முன்னால் உட்காரும் எல்லோரையும் இன்று நான் அப்படித்தான் பார்க்க வைக்கிறேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கடிதத்தின் முக்கியமான பகுதி. கிட்டின் 2.8 ஆம்பியர் போதவில்லை என்று நானே ஸ்விட்சாக ஆறு மாஸ்ஃபெட் வைத்து ஒரு டிரைவர் போர்டு செய்தேன். முதல் முறை கரண்ட் கொடுத்ததும் இரண்டு மாஸ்ஃபெட் வெடித்தன. கிட்டின் டிரைவர் சில்லு தன்னைத்தானே காத்துக்கொள்ளும். என் போர்டில் அந்த வேலை என்னுடையது, நான் செய்யவில்லை. டெட் டைம் என்று கையேட்டில் ஒரு பத்தி இருந்தது. படித்திருந்தேன், ஆனால் அதன் பொருள் எனக்குள் இறங்கவில்லை. கருகிய போர்டோடு வந்து நின்றேன். நீங்கள் மூலையில் கிடந்த ஒரு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைத் திறந்து காட்டினீர்கள். "ஸ்டார் கான்டாக்டரும் டெல்டா கான்டாக்டரும் ஒண்ணா இழுத்தா என்னாகும்?" ஷார்ட். "அதுக்குத்தான் இன்டர்லாக். ஒண்ணு விட்டு, கொஞ்சம் பொறுத்து, இன்னொண்ணு இழுக்கணும். பொறுக்கலைன்னா பியூஸ் போயிரும்."

அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது. பாலத்தின் ஒரே காலில் மேலே ஒரு மாஸ்ஃபெட், கீழே ஒன்று. மேலே இருப்பது அணைவதற்கு முன் கீழே இருப்பது கடத்தத் தொடங்கினால் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே எதுவும் இல்லை. உங்கள் ஸ்டார்ட்டரில் அந்தப் பொறுமையைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். என் சில்லில் அது ஒரு மைக்ரோ செகண்டுக்கும் குறைவு, டைமரில் ஓர் எண்ணாகப் போட வேண்டியது. நான் அதைப் பூஜ்யமாக விட்டிருந்தேன். முப்பது வருஷம் ஸ்டார்ட்டர் பழுது பார்த்தவருக்குத் தெரிந்த விஷயம், பொறியியல் பட்டம் வாங்கிய எனக்கு ஒரு போர்டு எரிந்த பிறகுதான் தெரிந்தது. இன்டர்லாக்கும் டெட் டைமும் ஒரே விஷயம் என்பதை எனக்குக் காட்ட நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள்.

அன்றுமுதல் புது போர்டு எதற்கும் முதல் கரண்ட் பல்பு வழியாகத்தான். பல்பு மினுக்கென்று அடங்கினால் நல்லது, முழுசாக எரிந்தால் உள்ளே ஷார்ட். பல்பு எரிகிறவரை போர்டு பிழைக்கும். கரண்டுக்கு வரம்பு வைக்கும் பவர் சப்ளை இப்போது என்னிடம் இருக்கிறது. இருந்தாலும் மேசை ஓரத்தில் அந்தப் பல்பு ஹோல்டரும் இருக்கிறது.

இன்னொரு நாள் உங்கள் மூக்கு என்னைக் காப்பாற்றியது. மேலே நான் நிரலை நடுவில் நிறுத்தி வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து, "அம்மிணி, காயில் வேகுது!" என்று குரல் கொடுத்தீர்கள். நிரல் நின்றால் எல்லாமே நிற்கும் என்று நினைத்திருந்தேன். டைமர் நிற்கவில்லை. கடைசியாக இருந்த அளவிலேயே மூன்று காலுக்கும் துடிப்பை அனுப்பிக்கொண்டிருந்தது. சுற்றாத மோட்டாரில் பேக் இஎம்எஃப் ஏது? காயிலின் ரெசிஸ்டன்ஸ் மட்டுமே தடை, கரண்ட் அப்படியே பாய்ந்தது. டீபகர் நிரலை நிறுத்தும்போது டைமரும் நின்று வெளியீடு அணையும்படி அந்தச் சில்லில் ஒரு பிட் இருக்கிறது. அன்றே அதைப் போட்டேன். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் முதல் மூன்று விஷயங்களில் இது ஒன்று: மோட்டார் ஓடும்போது பிரேக்பாயின்ட் வைக்காதே, வைக்கத்தான் வேண்டுமென்றால் டைமர் நிற்குமா என்று முதலில் பார்.

சத்தத்தையும் நீங்கள்தான் கேட்கக் கற்றுக்கொடுத்தீர்கள். பேரிங் மேல் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பது. முன்பு ஆர்டுயினோவில் சின்ன டிசி மோட்டாரை ஓட்டியபோது கொசு ரீங்காரம்போல் ஒரு சத்தம் வரும். அந்த போர்டு பெரும்பாலான பின்களில் வினாடிக்கு 490 துடிப்புதான் தரும், அது காதுக்கு நன்றாகவே கேட்கும் சுருதி. 20 ஆயிரத்துக்கு ஏற்றினால் அந்த ரீங்காரம் மறைந்துவிடுகிறது, அதன்பின் காதில் விழுவது பேரிங்கின் சத்தம் மட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடைத் தரையில் நீங்கள் போட்ட அந்தப் படம். 36 ஸ்லாட், 4 போல், மூன்று ஃபேஸ். ஒரு போலுக்கு 9 ஸ்லாட், அதில் ஃபேஸுக்கு மூன்று. ஒரு ஸ்லாட்டுக்கு மின்கணக்கில் 20 டிகிரி. அதனால் முதல் ஃபேஸ் 1-ஆம் ஸ்லாட்டில் தொடங்கினால் இரண்டாவது 7-இல், மூன்றாவது 13-இல். "ஆறு ஸ்லாட் தள்ளி, 120 டிகிரி. இது தப்புனா மோட்டார் உறுமும்." இதே 120 டிகிரிதான் என் நிரலுக்கும் அடிப்படை. அதில் எஃப்ஓசி என்கிற முறையில் மூன்று கரண்டையும் இரண்டாக்கி, பிறகு சுழலும் காந்தத்தோடு கூடவே சுழன்றபடி பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஓயாமல் ஆடும் அலைகள் இரண்டு அமைதியான எண்களாகி நிற்கும், ஒன்று காந்தப் புலத்துக்கு, இன்னொன்று திருகு விசைக்கு. மூன்றை இரண்டாக்கும் கணக்கு எடித் கிளார்க் பெயரில் இருக்கிறது, சுழன்றபடி பார்க்கும் கணக்கு 1929-இல் கட்டுரை எழுதிய ராபர்ட் பார்க் பெயரில். கிளார்க் அம்மையார் 1919-இல் எம்ஐடியில் மின்பொறியியல் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண். 1947-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இந்தக் கணக்குகளைப் பல முறை மனப்பாடம் செய்து மறந்திருக்கிறேன். உங்கள் சாக்பீஸ் வட்டத்துக்குள் நின்று சுற்றிப் பார்த்த பிறகு மறக்கவில்லை.

போர்டு வாங்கிவிட்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்துத் தெருவில் ஒரு வைண்டிங் கடை இருக்கும். ஒரு சனிக்கிழமை டீ வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள். ஒரு ஸ்டேட்டரைப் பிரித்துக் கட்டுவதை முழுக்கப் பாருங்கள். பிறகு கிட்டைத் திறக்கலாம்.

அண்ணா, ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்தபோது பிஎல்டிசி ஃபேன் பழுதுக்கு வருவது கூடுகிறது என்றீர்கள். பழைய ஃபேன் எழுபது எண்பது வாட் இழுத்தது, இது முப்பது சொச்சம்தான், இனி இதுதான் வரும் என்றீர்கள். "காயில் நல்லாத்தான் இருக்கு, போர்டு போயிருது. அது நமக்குத் தெரியாத வேலை" என்று சொல்லி, மூலையில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததைக் காட்டினீர்கள். அந்த போர்டில் இருப்பது நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். அதே மூன்று கால், அதே இன்டர்லாக், அதே 120 டிகிரி. ஒரே வித்தியாசம், 230 வோல்ட் உள்ளே போய் 325 வோல்ட் டிசியாக நிற்கும். ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் இருக்கும், கை வைக்கும் முன் இறக்க வேண்டும். பல்பைத் தொடராகப் போடும் சீரிஸ் போர்டில் எல்இடி பல்பு ஆகாது, 60 வாட் குண்டு பல்பு ஒன்று தேடி வையுங்கள்.

வருகிற ஞாயிறு தொடங்கி மாதத்தில் இரண்டு ஞாயிறு வருகிறேன். கிட்டையும் ஆஸிலாஸ்கோப்பையும் கொண்டுவருகிறேன். அதுவரை அந்த மூட்டையை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.


மாடி வீட்டு அம்மிணி