பெரகலச் சந்தி: காற்றுக்கு நிற்கும் பலகைகள்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்ல என்று மலையேறி வரும் ஏ4 வீதி பெரகலயில் கிளை விடுகிறது. நேரே போனால் கொஸ்லந்த, வெல்லவாய. இடப்பக்கம் ஏறினால் ஏ16. அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலயைத் தொடும். பதுளைக்காரரும் மொனராகலைக்காரரும் பிரிகிற இடம் இது. ஊர் சின்னது, போக்குவரத்து பெரிது. பஸ் வளைவில் வேகம் குறைக்கும் சில நொடிக்குள் கடையின் பெயர் பயணியின் கண்ணில் பட்டாக வேண்டும். அதனால்தான் இந்த மாதிரிச் சந்திகளில் கடையை விடப் போர்டு பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் இங்கே போர்டை முதலில் சோதிப்பது வாடிக்கையாளர் அல்ல, காற்று. மேலே 1,431 மீட்டர் உயரத்தில் அப்புத்தளைக் கணவாய். கீழே தெற்கே சரிந்து இறங்கும் தாழ்நிலம். ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்தச் சரிவில் மோதி ஏறுகிறது. ஒக்டோபர் முதல் மழையும் பனிமூட்டமும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த தோட்டத்து லயன்களை மண் மூடியதும் அந்தப் பருவத்தில்தான்.

காற்றின் கணக்கு பொல்லாதது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்காகும். 20 அடி நீளம், 4 அடி உயரமுள்ள ஒரு போர்டின் மேல் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் ஏறத்தாழ 130 கிலோ எடை தள்ளுகிற மாதிரி. அதுவே 120 கிலோமீட்டர் ஆனால் 500 கிலோவைத் தாண்டும். கூரைக்கு மேலே தூக்கி நிறுத்திய போர்டென்றால் பின்பக்கமிருந்தும் அடி விழும்.

இது வேலை தெரிந்த வெல்டிங் பாஸுக்குத் தெரியும். "முதலாளி, போர்டு பெருசா வேணுமா, நாலு வருஷம் நிக்கணுமா?" என்று அவர் கேட்பது பகிடிக்கு அல்ல. செலவில் கைவைப்பவர்கள் எப்போதும் பின்னால் இருக்கும் சட்டத்தில்தான் கைவைக்கிறார்கள், ஏனென்றால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. பொக்ஸ்பாரை வெட்டி ஒட்டி, ஒட்டிய இடத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடிக்காமல் விட்டால், பனியின் ஈரம் முதலில் அந்த மூட்டைத்தான் தின்னும். முகப்பில் போடும் கிளாடிங் தகடு இரண்டு மெல்லிய அலுமினியத்துக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது. பின்பக்கம் கோடு கீறி, பெட்டி போல மடித்து, சட்டத்தில் திருகுவார்கள். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உள்ளே எல்.ஈ.டி. குளிக்கும். இன்னொன்று, நங்கூர போல்ட் கொங்கிரீட் பீமில் இறங்க வேண்டும். உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல் சுவரில் அடித்தால் முதல் பருவத்திலேயே ஆட்டம் காணும்.

தமிழ் எழுத்துக்கு இங்கே தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. அக்ரிலிக்கில் எழுத்து வெட்டும்போது மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டாக வருகிறது. அந்தச் சின்ன வட்டத்தை வெறும் சிலிக்கனால் ஒட்டி விடுகிறார்கள். காற்றில் முதலில் விழுவது அதுதான். கொஞ்ச நாளில் 'ஹோட்டல்' என்பது 'ஹோடடல' ஆகி நிற்கும். தெருவில் யாரும் கவனிக்க மாட்டார்கள், முதலாளியும்தான். புள்ளிக்குப் பின்னால் ஒரு சிறு ஆணி வைத்துப் பொருத்தினால் போதும். பணம் அல்ல, அக்கறைதான் குறை. எழுத்தின் அளவிலும் தமிழுக்கு நியாயம் கிடைப்பதில்லை. மேலே விலங்கு, கீழே சுழி எல்லாம் உள்ள எழுத்தை ஆங்கிலத்தோடு ஒரே உயரத்தில் அடைத்தால் உடல் சுருங்கிப் போகும்.

சுற்றிலும் தோட்டங்கள் உள்ள இடம் இது. சாமான் வாங்க இறங்கி வருகிறவர்களில் தமிழ் மட்டும் வாசிப்பவர்கள் ஏராளம். 1958இல் கொழும்பில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மேல் தார் பூசினார்கள். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கடைக்காரருக்கு இந்த வரலாறு வேண்டாம், வியாபாரக் கணக்கே போதும்: வாசிக்க முடியாத போர்டுக்கு எதற்குக் காசு?

பழைய தேயிலைத் தொழிற்சாலைகளைப் பார்க்கிறேன். 1890இல் லிப்டன் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலை அப்புத்தளைக்கு அருகில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து வழக்கப்படி பெயரைச் சுவரிலோ தகரத்திலோ நேரடியாகவே எழுதுவார்கள். காற்றுக்குப் பிடிக்க எதுவுமில்லை. பெயின்ட் மங்கினால் மறுபடி அடிக்கலாம். தலையில் விழாது. சுவர் அகலமாக உள்ள கடைகளுக்கு இன்றைக்கும் இதுவே மேல் என்பது என் கட்சி.

மும்பை காட்கோபரில் 2024 மே 13ஆம் திகதி பெற்றோல் நிலையத்தின் மேல் சரிந்த விளம்பரப் பலகை 120க்கு 120 அடி. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவோ 40க்கு 40. இறந்தவர்கள் 17 பேர். நம் சந்தியில் அவ்வளவு பெரியது கிடையாது. ஆனால் போர்டின் கீழ்தான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள், பிள்ளைகளும் அங்கேதான் நிற்கிறார்கள்.

ஆகவே கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மே மாதமும், காற்று தொடங்குமுன், ஏணி வைத்து ஏறி போல்ட்களை இறுக்கிப் பாருங்கள். புதிதாகச் செய்யக் கொடுப்பவர்கள், வெட்டுவதற்கு முன் தமிழ் வரியைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் ஒரு தரம் காட்டுங்கள்.