முதலில் வந்தவர் பெருக்க வேண்டும்

கல்லூரி நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டேன் என்று சொன்ன இரவு, அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "படிக்கப் போனியா, கூத்தாடப் போனியா?"

வகுப்பில் வேறு பேச்சு. ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்கி மட்டம் போடத்தான் நாடகத்தில் சேருகிறார்கள் என்றார்கள். ஜிப்பாவும் ஜோல்னாப் பையுமாகக் கேன்டீனுக்குள் நுழைந்தால், "வந்துட்டானுங்க சீன் போட" என்று காதில் விழும். நாங்கள் உரக்கத்தான் பேசினோம். பேருந்து நிறுத்தத்தில் கட்டபொம்மன் வசனம் பேசியதும் உண்டு. பதினெட்டு வயதில் புதிதாகக் கிடைத்த குரல், கொட்டகைக்குள் அடங்காமல் தெருவுக்கும் வந்தது. பார்த்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: எந்நேரமும் எல்லோரும் தங்களையே பார்க்க வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் இவர்கள்.

எங்கள் ஒத்திகையை ஒரு மாலையாவது அவர்கள் வந்து பார்த்திருக்கலாம்.

விடுதிக்குப் பின்னால் இருந்த பழைய சைக்கிள் கொட்டகைதான் இடம். முதலில் வந்தவர் பெருக்க வேண்டும் என்பதே அங்கிருந்த ஒரே சட்டம். ராஜா வேடம் போட்டவனும் பெருக்கினான். எனக்கு வாய்த்தது மூன்றாம் சேவகன் வேடம். மொத்தம் இரண்டு வரி. நாற்பது நிமிட நாடகத்தில் முப்பத்தைந்து நிமிடம் ஈட்டியோடு நிற்க வேண்டும். சும்மா நிற்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்து, முதல் வாரம் ராஜா பேசும்போது தோளைச் சொறிந்துகொண்டேன். இயக்கிய அண்ணன் ஒத்திகையையே நிறுத்திவிட்டார்.

"அவன் பேசுறான். நீ கையை அசைச்சா பாக்குறவன் கண்ணு உன்கிட்ட வந்துரும். அவன் வசனம் செத்துப் போகும். நீ அவனைப் பாரு. நீ பாத்தாத்தான் சனம் பாக்கும்."

அன்றிலிருந்து மூன்று மாதம் ஒருவன் பேசுவதைக் கேட்பதே என் வேலையாக இருந்தது. தினமும் அதே வசனம். தினமும் முதல் தடவை கேட்பதுபோல் கேட்க வேண்டும். அதற்கு முன் யார் பேச்சையும் நான் அப்படிக் கேட்டதில்லை. அப்பாவின் பேச்சைக்கூட.

சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி அந்த நாட்களில்தான் படித்தேன். எமனாகவும் சனீஸ்வரனாகவும் வேடம் கட்டிப் பெயர் வாங்கியவர், பிறகு நடிப்பை விட்டுவிட்டு நாடக ஆசிரியராகிவிட்டார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற சிறுவர் நாடகக் கம்பெனியைத் தொடங்கினார். சிறு பிள்ளையாக அங்கே சேர்ந்தவர் அவ்வை டி.கே. சண்முகம். பாலர் கம்பெனிப் பிள்ளைகள் கம்பெனி வீட்டிலேயே சாப்பிட்டு, அங்கேயே படுத்து, பாட்டும் வசனமும் பாடம் செய்தார்கள். கூத்தாடிப் பிள்ளைகள் என்று ஊர் சொன்ன அந்தச் சிறுவர்கள் பட்ட பாட்டைச் சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'யில் படித்த பிறகு, அந்தச் சொல்லை வசையாகக் கேட்க என்னால் முடியவில்லை.

அப்பா நீதிமன்றத்தில் குமாஸ்தா. அதனால் பம்மல் சம்பந்த முதலியாரைச் சொல்லிப் பார்த்தேன்; நாடகம் எழுதி நடித்தவர், நீதிபதியாகவும் இருந்தவர். "ஜட்ஜ் ஆன பிறகு ஆடியிருப்பார்" என்றார் அப்பா. சென்னையில் சுகுண விலாச சபாவை அவர் தொடங்கியது 1891இல், பதினெட்டு வயதில் என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒத்திகை முடிந்து தாமதமாகப் போனால் எனக்குச் சோறு மூடி வைத்திருந்தது.

பையன்களுக்கு இவ்வளவுதான் தொல்லை. பெண்களின் பாடு வேறு. எங்கள் குழுவில் விளக்கு பார்த்துக்கொண்டது வேதியியல் படித்த ஒரு பெண். அதிகம் பேசமாட்டாள். நாடகக்காரி என்றதுமே வாயாடி, அடங்காதவள் என்று அவள் வீட்டில் முடிவுகட்டி, இரண்டு முறை நிறுத்தப் பார்த்தார்கள். ஆறு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தாள். ஒத்திகையில் அவளுக்குக் கிடைத்தது நாளுக்கு ஒரு மணி நேரம். அதற்குள் எல்லோர் வசனத்தையும் குறிப்பேட்டில் எழுதி, எந்தச் சொல்லில் வெளிச்சம் ஏற வேண்டும், எதில் இறங்க வேண்டும் என்று சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தாள். ராஜா மூச்சு வாங்கும் இடம்கூட அதில் இருந்தது.

நாடகத்தன்று அவளுடைய அப்பா வந்திருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொருவராக மேடைக்கு வரும்போதும் மகள்தானா என்று தேடியிருக்கிறார். நாடகம் முடிந்ததும் மேடையோரமாக வந்து கேட்டார்: "நீ வரவே இல்லையேம்மா?"

"நீங்க பாத்ததெல்லாம் நான் காட்டினதுதான்ப்பா."

அவர் படியேறி உள்ளே வந்தார். டிம்மர் பெட்டியையும் பக்கத்தில் திறந்து கிடந்த குறிப்பேட்டையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு பெட்டியின் மேல் கை வைத்தார். அது இன்னும் சூடாக இருந்தது.