காற்றுக்கும் கணக்கு உண்டு

விலை கொடுத்து வாங்காத பொருள் எது என்று கேட்டால், காற்று என்று சிறு பிள்ளையும் விடை சொல்லும். ஆனால் அந்தக் காற்றை நெருக்கி, ஒரு கருவியை இயக்கும் வலிமை உடையதாக்கி, வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு பெறுவதென்றால் அதற்கு விலையும் உண்டு, கணக்கும் உண்டு. வீட்டுக் கராஜில் சிறுதொழில் தொடங்க எண்ணும் இளைஞர் பலர் விலையை விசாரிக்கின்றனர். கணக்கை விசாரிப்போர் சிலரே. அந்தக் கணக்கைப் பற்றியே இங்கு சில சொல்ல விரும்புகிறேன்.

என் தமக்கையாரின் மகன் யாழ்ப்பாணத்தில் பழைய மோட்டார் வண்டிகளைத் திருத்துபவன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த இடைக்காலத்திலே பழைய வண்டிகளுக்கு ஏற்பட்ட மதிப்பு அவன் கைக்கு வேலை தந்தது. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய வண்டிகளின் துருவை அகற்றி, தகட்டைத் தேய்த்து, நிறம் பூசித் தருமாறு பலர் அவனைத் தேடி வந்தனர். பிறருடைய கராஜில் நாட்கூலிக்கு நின்றவன், வீட்டுக் கொட்டிலிலேயே தொழிலை நடத்த விரும்பினான். அதற்கு முதலில் வேண்டியது ஒரு கொம்பிரசர். தம் சோடிக் காப்பை அடகு வைத்துப் பணம் தருவதாகத் தமக்கையார் சொன்னார்.

கடையிலே அவன் பார்த்து வைத்திருந்தது 2 குதிரைவலு மோட்டாரும் 300 லீற்றர் தாங்கியும் கொண்ட இயந்திரம். "மாமா, தாங்கி பெரிசென்றால் காற்றும் கூடத்தானே?" என்று என்னைக் கேட்டான். இளைஞருக்குத் தொழில்நுட்பம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். "அடகுக் கடைக்குப் போகுமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வா, தம்பி" என்றேன்.

நம் வீடுகளிலே கிணற்று நீரைப் பம்பினால் இறைத்து மேலே உள்ள தாங்கியில் நிரப்புகிறோம். தாங்கி நீரைச் சேமித்து வைக்குமேயன்றி உண்டாக்குவதில்லை. பம்பு ஒரு நிமிடத்தில் இறைப்பதிலும் அதிகமாகக் கீழே செலவாகுமாயின், எவ்வளவு பெரிய தாங்கியும் வற்றியே தீரும். கொம்பிரசரின் நிலையும் இதுவே. ஆகவே முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, "தாங்கி எத்தனை லீற்றர்?" என்பதன்று, "கருவிக்கு வேண்டிய அமுக்கத்தில் நிமிடத்திற்கு எத்தனை கன அடி காற்றை இது தரும்?" என்பதே.

கராஜ் கருவிகளிற் பெரும்பாலானவை சதுர அங்குலத்திற்கு 90 இறாத்தல் அமுக்கத்தில் வேலை செய்வன. அந்த அமுக்கத்தில் ஒரு குதிரைவலுவுக்கு நிமிடத்தில் 3 முதல் 4 கன அடி வரை கிடைக்கும் என்பது அனுபவக் கணக்கு. எனவே 2 குதிரைவலு இயந்திரம் 6 முதல் 8 கன அடி தரும். விளம்பரத் தாளில் இதனிலும் பெரிய எண் காணப்படலாம். அது பெரும்பாலும் பிஸ்டன் அசையும்போது உருளைக்குள் அடங்கும் கனவளவு. வெளியே வந்து சேரும் காற்று அதனிலும் குறைவு. இவ்விரண்டையும் ஒன்றென்று கொள்ளலாகாது.

இனிச் செலவைப் பார்ப்போம். சில்லின் நட்டுகளைக் கழற்றும் துப்பாக்கி சில விநாடிகளே ஓடி நிற்பது. இடையிடையே தாங்கி நிரம்பிக்கொள்ளும். இத்தகைய வேலைக்குத் தாங்கி பெருந்துணை. ஆனால் அரத்தாளைச் சுழற்றித் தகட்டைத் தேய்க்கும் கருவி ஓயாது ஓடுவது. நிமிடத்திற்கு 12 கன அடி வரை கேட்கும். மருமகனுக்குக் கிடைக்கப்போவதோ 6 கன அடி. ஒவ்வொரு நிமிடமும் 6 கன அடி பற்றாக்குறை.

அந்தப் பற்றாக்குறையைத் தாங்கி எவ்வளவு நேரம் தாங்கும்? 300 லீற்றர் என்பது ஏறக்குறைய பத்தரைக் கன அடி. அமுக்கம் 120 இறாத்தலிலிருந்து 90க்கு இறங்கும்போது குறைவது 30 இறாத்தல். அஃதாவது இரண்டு வளிமண்டல அமுக்கம். ஆகவே தாங்கி தரக்கூடிய காற்று 21 கன அடி. அதனை 6ஆல் வகுத்தால் மூன்றரை நிமிடம். அதன்பின் அவன் கையைக் கட்டிக்கொண்டு மூன்றரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். 100 லீற்றர்த் தாங்கியாயின் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். பெரிய தாங்கி வாங்கித் தருவது காற்றையன்று, இரண்டு நிமிடத்தையே! அவ்வேளையில் இயந்திரமும் ஓய்வின்றி ஓடிச் சூடேறும்.

அப்படியாயின் பெரிய மோட்டாரை வாங்கலாமே என்று மாணவர் கேட்பர். அதற்கும் வீடு ஓர் எல்லை வகுத்துள்ளது. 13 அம்பியர்ச் செருகி ஒன்று 230 வோல்ற்றில் தரக்கூடியது ஏறக்குறைய 3,000 உவாற்று. ஒரு குதிரைவலு 746 உவாற்று. இழப்பையும், மோட்டார் புறப்படும்போது பன்மடங்காக இழுக்கும் மின்னோட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், 2 குதிரைவலுவே அச்செருகிக்கு ஏற்ற பாரம். 3 என்பது அதன் எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் வேண்டுவோர், தகுதி பெற்ற மின்வேலையாளரைக் கொண்டு தனிக் கம்பி இழுப்பித்தல் வேண்டும்.

பொறியியல் வரலாற்றிலும் இந்த ஒழுங்கைக் காணலாம். அல்ப்ஸ் மலையைக் குடைந்து 1871 இல் முடிக்கப்பட்ட மொன் செனி சுரங்கத்திலே, நெருக்கிய காற்றால் இயங்கும் துளைகருவிகள் 1861 முதல் வேலை செய்தன. அவற்றை ஓட்டுவதற்குப் பொறியியலாளர் சொமெயே, மலையடிவாரத்தில் நீர்வலுவைக் கொண்டு காற்றை நெருக்கும் ஏற்பாடுகளை முன்னரே செய்ய வேண்டியிருந்தது. முதலிற் காற்று, பின்னரே கருவி.

கிடைத்த காற்றை வழியில் இழப்பதும் உண்டு. குழாயின் உள்விட்டம் பாதியானால், அதே அளவு காற்றைச் செலுத்துவதில் நேரும் அமுக்க இழப்பு ஏறக்குறைய 32 மடங்காகும். ஆதலால் கால் அங்குலக் குழாயை நீளமாக இழுப்பதிலும், அரை அங்குலக் குழாயைக் குறுகிய தூரத்திற்குப் போடுவது நன்று. பொருத்துகளிற் சவர்க்கார நீரைத் தடவினால் ஒழுக்கு குமிழியாகத் தெரியும். தண்ணீருக்குப் போடும் பிவிசி குழாயை மட்டும் ஒருபோதும் பயன்படுத்தலாகாது; அது வெடித்தால் சிதறும் துண்டுகள் ஆளைக் காயப்படுத்தும்.

நம் நாட்டுக் காற்றின் ஈரத்தையும் மறக்கலாகாது. 30 பாகை வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதனுள்ள ஒரு கன மீற்றர்க் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி உண்டு. அதனை எட்டில் ஒரு பங்காக நெருக்கி ஆறவிட்டால் 20 கிராம் நீராகிவிடும். நிமிடத்திற்கு 6 கன அடி தரும் இயந்திரம் ஒரு மணி நேரம் ஓடினால் சேர்வது ஒரு தேநீர்க் கோப்பை நீர். அது பெயின்றோடு கலந்தால் பூச்சு கெடும். தாங்கியில் தங்கினால் உள்ளே துருவேறி ஒரு நாள் உயிருக்கே ஆபத்தாகும். நாள்தோறும் வேலை முடிந்ததும் அடிக்குழாயைத் திறந்து நீரை வடித்தல் வேண்டும்.

தாள் நிறைந்தபோது மருமகனே முடிவுக்கு வந்தான். தேய்க்கும் வேலையை மின்சாரத்தில் ஓடும் கருவிக்கு விட்டுவிடுவது. காற்றைப் பெயின்ற் விசிறுவதற்கே வைத்துக்கொள்வது. அதற்கும் நிமிடத்திற்கு 4 அல்லது 5 கன அடியோடு அமையும் துப்பாக்கியைத் தெரிவது. இதற்கு 2 குதிரைவலுவும் 100 லீற்றர்த் தாங்கியும் போதும். தொழில் வளர்ந்தால் அதே போன்ற இன்னொன்றை வேறு மின்கம்பியில் ஓட்டி, இரண்டின் காற்றையும் ஒரே குழாயிற் சேர்த்துக்கொள்ளலாம்.

சோடிக் காப்பில் ஒன்றுதான் அடகுக்குப் போயிற்று. மற்றது தமக்கையார் கையிலேயே இருந்தது. ஏழு மாதத்தில் போனதும் மீண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் கனவளவும் அமுக்கமும் படிக்கும் பிள்ளைகள் அவற்றைப் பரீட்சையோடு விட்டுவிடாதிருப்பார்களாக. வீட்டில் ஒரு பொருள் வாங்கப்படும் வேளையில் தாளும் பென்சிலுமாகப் பெற்றோர் அருகே அமர்வார்களாயின், அக்கல்வி குடும்பத்துக்கே உதவியதாகும்.