தீர்ப்பும் கூலியும்

பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுள் மாதச் சம்பளத்தை எதிர்பாராத குடும்பங்கள் மிகச் சிலவே. முதல் தேதியின் அருமையை நாம் அறிவோம். அதே தேதியை எதிர்நோக்கி நம் வாயிலில் காவல் நிற்பவரின் கணக்கை நாம் எண்ணிப் பார்த்தது உண்டா? டில்லியின் குறைந்தபட்சக் கூலி நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய வரலாறு இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

2017 மார்ச்சில் டில்லி அரசு அக்கூலியை ஏறத்தாழ 37 சதவீதம் உயர்த்தியது. தனித் திறன் வேண்டாத வேலைக்கு மாதம் 9,724 ரூபாயாக இருந்தது 13,350 ரூபாய் ஆயிற்று. முதலாளிகள் வழக்குத் தொடுத்தனர். 2018 ஆகஸ்டு 4ஆம் நாள் உயர் நீதிமன்றம் அரசாணையை ரத்துச் செய்தது. ஆலோசனைக் குழு அமைந்த விதம் முறையன்று என்பதும், பாதிக்கப்படுவோரின் வாதம் செவ்வனே கேட்கப்படவில்லை என்பதும் காரணங்கள். அரசு காட்டிய அவசரம் ஏழையின் தலையில் விடிந்தது.

நாங்கள் குடியிருக்கும் அடுக்கு வீடுகள் 240, காவலர்கள் அறுவர். அவர்களை அனுப்பும் ஒப்பந்தக்காரர், இனிப் பழைய விகிதமே போதும் என்று எழுதினார். குடியிருப்போர் கூட்டம் கூடிற்று. "சட்டப்படிதானே குறைக்கிறோம்?" என்றனர் சிலர். காவலருள் மூத்தவர், பீகாரிலிருந்து வந்தவர், எங்களிடம் ஒன்றுதான் கேட்டார்: "பாபுஜி, வீட்டுக்காரரிடம் எந்தச் சம்பளத்தைச் சொல்வது? அவர் வாடகையை ஏற்றிவிட்டாரே!" கூலி உயர்ந்த செய்தி கேட்டு ஏறிய வாடகை, தீர்ப்பைக் கேட்டு இறங்கவில்லை.

எங்களுள் ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர் பென்சிலை எடுத்துக் கணக்கிட்டார். உயர்த்திய கூலியையே தொடர்ந்தால் வீட்டுக்கு மாதம் 100 ரூபாய்கூடச் செலவு கூடவில்லை. குறைந்தபட்சம் என்பது இதற்குக் கீழே போகாதே என்னும் வரம்பு. இதற்கு மேல் கொடாதே என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. கூலியைக் குறைப்பதில்லை என்று முடிவாயிற்று.

கொடுத்த பணம் அவர்கள் கையில் நின்றதா என்பது அடுத்த கவலை. முழுத் தொகையையும் வங்கியில் செலுத்திவிட்டு, ஒரு பகுதியை ரொக்கமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் ஒப்பந்தக்காரர் சிலரிடம் உண்டு. எனவே எங்களுள் இருவர் காவலர்களைத் தனியே கண்டு விசாரித்தனர். முதல் மாதமே ஆளுக்கு 1,500 ரூபாய் திரும்பிப் போயிருந்தது. ஒப்பந்தக்காரரை மாற்றினோம், காவலர்களை மாற்றவில்லை.

2018 அக்டோபர் 31இல் உச்ச நீதிமன்றம் உயர்ந்த விகிதத்தை இடைக்காலமாக அனுமதித்து, முறைப்படி மீண்டும் ஆராயுமாறு பணித்தது. 2019 அக்டோபரில் அதன் இசைவுடன் வந்த புதிய ஆணையில் அக்கூலி 14,842 ரூபாய் ஆயிற்று.

குறைந்தபட்சக் கூலி கொடுக்க இயலாது என்பது முதலாளிக்கு விலக்காகாது என்று கேரள ஓட்டுத் தொழில் வழக்கில் 1961இலேயே அந்நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக இதே டில்லியில் கட்டடம் எழுப்பிய தொழிலாளர் வழக்கில், அக்கூலியினும் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டம் விலக்கிய கட்டாய உழைப்பே என்றும் கூறிற்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டம் மாறினும் அந்நீதி மாறாது.

இந்நகரில் நம்மவருள் கூலி பெறுவோரும் உளர், கொடுப்போரும் உளர். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அகவிலைப்படி திருத்தப்படுவது டில்லி வழக்கம். அவ்விரு மாதங்களிலும் நம் குடியிருப்புச் சங்கங்கள் புதிய விகிதத்தைக் கேட்டறிந்து, உழைப்பவரிடம் நேரிலும் விசாரிப்பார்களாக. தீர்ப்பு எழுதுவது நீதிபதியின் கடமை. அது உரியவரின் கை சேர்வதைக் காண்பது நம் கடமை.